இடது முன்சக்கரம்

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கையில் ஏதாவது கிடைத்தால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியதைத் திரும்பப் பூட்ட வேண்டும். பூட்டியது தப்பித் தவறி வேலை செய்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்து எழுதுவது. அதில் கழற்றுவதற்கு ஒன்றும் கிடையாது. அதனால் பண்டமாரானில் வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கை அரிக்க ஆரம்பிக்கும்.

அக்கா வாணிக்கு வளைகாப்பு என்று முடிவானதும் அத்தான் சிவநேசனுக்கு ஓர் ஆசை வந்தது. ஏழு வருஷம் ஓடிய தன் மைவி காரின் சக்கரங்களுக்குப் புது ரிம் போட வேண்டும், அந்தக் காரில்தான் அக்காவை எங்கள் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து விட வேண்டும். அத்தான் இடைநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். காரில் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. ஃபேஸ்புக்கில் யாரோ ஓட்டிய ரிம் நான்கை டயரோடு வாங்கிவிட்டார். பதினாறு இன்ச், கறுப்பு, ஓரத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வளைகாப்புக்கு முதல் நாள், சனிக்கிழமை மதியம், தான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதை ஏற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"மச்சான், உன்னை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

இப்படி யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது.

பின்சக்கரம் இரண்டும் சிரமமில்லாமல் ஏறின. முன்சக்கரத்தைப் பூட்டிக் கையால் சுற்றினேன். கர் என்றது. ரிம்மின் உள்பக்கம், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கேலிப்பரில் உரசியது. இடைவெளி கொஞ்சம்தான் குறைவு, இரண்டு வெள்ளிக்காசு கனம் இருக்கும். ஆனால் சக்கரத்துக்குக் கொஞ்சம் என்பதெல்லாம் கிடையாது. உரசினால் உரசல்தான்.

இதற்கு முறையான மருந்து இருக்கிறது. ஸ்பேசர் என்று ஒரு அலுமினியத் தட்டு. அதை ரிம்முக்குப் பின்னால் வைத்து, நீளமான போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். கிள்ளானில் மூன்று கடைக்குப் போன் போட்டேன். இந்த அளவுக்கு ஸ்டாக் இல்லை, செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. புத்தியுள்ளவன் பழைய ரிம்மையே திரும்ப மாட்டியிருப்பான். நான் ஹார்ட்வேர் கடைக்குப் போய், ஸ்பேசருக்குப் பதிலாக ரிம்முக்குப் பின்னால் கோக்க வாஷர் வாங்கி வந்தேன்.

ஒரு போல்ட்டுக்கு மூன்று வாஷர். சக்கரத்துக்கு நான்கு போல்ட். இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து இருபத்து நான்கு. கோத்துப் பூட்டிச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அத்தான் கை தட்டினார்.

நட்டு இறுக்கும்போதுதான் மனதில் ஏதோ இடித்தது. வாஷர் இல்லாமல் பூட்டினால் நட்டு எட்டு, ஒன்பது சுற்று போகும். வலது சக்கரத்தில் ஐந்து சுற்றிலேயே நின்றுவிட்டது. இடது சக்கரத்தில் நாலு. போல்ட்டின் நீளத்தை வாஷர் தின்றுவிட்டது. கழற்றி மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் எண்ணினால் எண்ணிக்கை கூடுமா என்ன? நாலுதான்.

"ஸ்பேசர் போட்டாச்சா?" என்று கேட்டார் அத்தான்.

"போட்டாச்சு."

"நல்ல சாமானா?"

"ஜப்பான்," என்றேன்.

ஏன் ஜப்பான் என்று சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அதுவாக வாயில் வந்தது.

மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வழியும் வைத்திருந்தேன். டயர் கடையில் எந்தச் சக்கரத்தை மாற்றினாலும், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸ்வரை அத்தான் ஓட்டிப் போகட்டும், நாளைக் காலை நான் அங்கே போய் இறுக்கிவிடலாம், அக்கா ஏறுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். ஸ்பானரை எடுத்து என் காரின் பின்பெட்டியில் போட்டு வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் அந்தத் தூக்கத்தின் மேல்தான் அதிகமாகக் கோபம் வருகிறது.

வளைகாப்பு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி ஹாலில். காலை பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். கடைக்குப் பின்சந்தில் மைவி நின்றது. முகப்பில் சந்தனம், குங்குமம். கண்ணாடியில் மல்லிகைச் சரம். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். புது ரிம் போட்டதால் புது வண்டி மாதிரிதான் என்று, அத்தானின் அம்மா இராஜம்மா கோவிலிலிருந்து ஐயரைக் கூட்டிவந்து தீபம் காட்டி முடித்திருந்தார்.

"பார்த்து வாங்க தம்பி, பழத்த மிதிச்சிராதீங்க," என்றார் இராஜம்மா. "வாணி ஏறி உக்காந்து வண்டி கெளம்பறப்பதான் அது நசுங்கணும். அது வரைக்கும் வண்டி ஒரு இன்ச்சு நகரக் கூடாது."

இராஜம்மா அத்தைக்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. அக்காவின் கல்யாணம் முடிந்த புதிதில், அவர் வீட்டு ஹாலில் நான் ஒரு மின்விசிறி மாட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் டக் டக் என்று சுற்றிவிட்டு ஒரு நாள் சோபா மேல் விழுந்தது. நல்ல வேளை, சோபாவில் யாரும் இல்லை. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அத்தை அதைச் சொல்லுவார். என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவர்தான் எங்க வாணி தம்பி கிஷன், அரை இன்ஜினியர்," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மேலே நலங்கு ஆரம்பித்ததும் நான் நைசாகக் கீழே இறங்கினேன். ஸ்பானரை எடுத்து வலது முன்சக்கரத்தில் போட்டேன். முதல் நட்டு கால் சுற்று போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அரைச் சுற்று. பண்டமாரானிலிருந்து இங்கே வருவதற்குள் இவ்வளவு தளர்ந்திருக்கிறது. ஐந்து சுற்று பிடித்திருந்த பக்கமே இப்படியென்றால், நாலு சுற்று பிடித்த பக்கம் எப்படி இருக்கும்?

இடது பக்கம் போனேன். போக வழியில்லை. சந்து குறுகல் என்று அத்தான் வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். இடைவெளியில் என் கை நுழைந்தது, ஸ்பானர் நுழையவில்லை. வண்டியை ஒரு நாலு அடி முன்னால் எடுத்தால் சுவர் முடிந்துவிடும். எடுத்தால் எலுமிச்சம்பழம் நசுங்கிவிடும். சுவருக்கும் கதவுக்கும் நடுவே கையை விட்டுக்கொண்டு நான் நின்ற நேரத்தில் தாம்பாளம் எடுக்க இராஜம்மா அத்தை இறங்கி வந்தார்.

"என்ன தம்பி, பூஜை போட்ட வண்டியப் போயி நோண்டிக்கிட்டு?"

"காத்து பார்த்தேன் அத்தே."

"ஸ்பானர வச்சா காத்து பாப்பாங்க?"

நான் சிரித்து வைத்தேன். பிறகு, "வண்டியக் கொஞ்சம் முன்னால எடுத்தா நல்லா இருக்கும்," என்றேன்.

"ஏன்?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வாஷர் வைத்துப் பூட்டியிருக்கிறேன், அது ஜப்பான் இல்லை, தளர்ந்திருக்கிறது. பத்து வார்த்தைகூட இல்லை. ஆனால் மேலே ஐம்பது பேர் இருந்தார்கள். சோபாவும் மின்விசிறியும் கண் முன்னால் வந்தன. இனி ஆயுசு முழுக்க, பிறக்கப் போகும் குழந்தையின் கல்யாணம்வரை, இந்தக் கதையைச் சொல்லுவார்கள்.

"சும்மாதான்," என்றேன்.

"சும்மாவுக்கெல்லாம் பழத்த நசுக்க முடியாது," என்று சொல்லிவிட்டு அத்தை தாம்பாளத்தோடு மாடி ஏறிவிட்டார்.

நானும் ஏறினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டு, இரண்டு கன்னத்திலும் சந்தனம், முழங்கைவரை கண்ணாடி வளையல். என்னைக் கூப்பிட்டுச் சந்தனம் பூசச் சொன்னார்கள். பூசினேன். கன்னத்தில் வைக்க வேண்டியதைக் காதோரம் இழுத்துவிட்டதை அவள் கவனித்துவிட்டாள். மூன்று வயது மூத்தவள். என் முகத்தைப் படிப்பதில் அவளுக்கு முப்பது வருஷ அனுபவம்.

"என்னடா, ஒரு மாதிரி இருக்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பசிக்கா."

"போய்ச் சாப்பிடு போ."

சாப்பிட உட்கார்ந்தேன். ஐந்து வகைச் சாதம். எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்ததும் இலையை மூடிவிட்டு எழுந்தேன். எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், படிக்கு வந்தேன், சந்துக்கு இறங்கினேன், மறுபடி ஏறினேன். அத்தானைத் தனியாகப் பிடிக்கலாம் என்றால் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர். ஒருமுறை அருகில் போய்விட்டேன். "மச்சான் கைவண்ணம்தான், ஜப்பான் ஸ்பேசர்," என்று யாரிடமோ சொல்லி என் தோளில் தட்டினார். வந்த வழியே திரும்பினேன்.

கடைசியில் இப்படி முடிவு செய்தேன். வண்டி கிளம்பிச் சுவரைத் தாண்டியதும் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்வது, இறுக்குவது, அனுப்புவது. பழமும் நசுங்கியிருக்கும், யாருக்கும் குறையில்லை. இதைவிட நல்ல திட்டம் இருக்க முடியாது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அம்மா சாப்பாடு முடிந்ததும் ஆரத்தி கரைத்து வைக்கச் சித்தியின் காரில் முன்னாலேயே போய்விட்டார். நாலரை மணிக்கு இராகு காலம், அதற்குள் அக்கா பண்டமாரான் வாசலில் நிற்க வேண்டும். இரண்டே முக்காலுக்கு அவளைக் கீழே கூட்டி வந்தார்கள். காரின் பின்கதவை நான்தான் திறந்து பிடித்தேன். முந்தானை கதவில் மாட்டாமல் எடுத்து மடியில் போட்டுவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, "தேங்க்ஸ்டா," என்றாள். சுவர்ப் பக்க ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள்.

இராஜம்மா அத்தை அதே கதவு வழியாக ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினேன். "வழியில எங்கயும் நிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, அம்மா வீட்டு வாசல்லதான் எறங்கணும்," என்று அத்தானிடம் உத்தரவு போட்டார். வண்டி நகர்ந்தது. பழங்கள் டப் டப்பென்று நசுங்கின. எல்லோரும் கை தட்டினார்கள். சுவரைத் தாண்டியது. நான் கையைத் தூக்கி, "அத்தான், ஒரு நிமிஷம்," என்று கத்தினேன்.

அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கெளம்பறப்ப பின்னால இருந்து கூப்பிடாதீங்க தம்பி!"

தூக்கிய கை கீழே இறங்கிவிட்டது. யாரும் பிடித்து இறக்கவில்லை. நானேதான் இறக்கினேன்.

ஓடினேன். என் காரின் பின்னால் குறுக்கே ஒரு பெரிய பிக்கப் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் சாதாரணம். கண்ணாடிக்குள் போன் நம்பர் எழுதி வைத்திருந்தார்கள், அந்த மட்டும் புண்ணியம். கூப்பிட்டேன்.

"சாப்பிடறேன் பாஸ், ரெண்டு நிமிஷம்லா," என்றது ஒரு குரல்.

"எமர்ஜென்சி அண்ணே!"

"கை கழுவிட்டு வரேன், இருங்க."

ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் பிக்கப்பை மூன்று முறை சுற்றி வந்தேன். டயரை உதைத்தேன். பல்லைக் குத்திக்கொண்டு வந்த மனிதரைப் பார்த்து நன்றி என்று வேறு சொன்னேன்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் அத்தானுக்குப் போன் போட்டேன். எடுத்தது இராஜம்மா அத்தை.

"அவன் ஓட்டறான். என்ன விஷயம்?"

"அத்தே, அத்தானக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

"மெதுவாதான் போறான். மாசமா இருக்கறவள வச்சுக்கிட்டு பறப்பாங்களா? நீங்க மெதுவா வாங்க." வைத்துவிட்டார்.

அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரத்திலும், ஆக்ஸிலேட்டரை மிதித்து அவர்களைத் துரத்திக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், என் மானத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

ஹைவேக்கு மேலே நிற்கும் கோட்டை வளைவைத் தாண்டினேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரே நெரிசல். லேன் மாறினேன், மறுபடி மாறினேன், எவனோ ஹார்ன் அடித்துத் திட்டினான். ஒவ்வொரு சாம்பல் நிற மைவியும் அத்தானுடைய மைவியாகத் தெரிந்தது. இந்த நாட்டில் சாம்பல் நிற மைவிக்குப் பஞ்சமா? ரோட்டோரத்தில் ஒரு கார் நிற்பதைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைத்துவிட்டேன். வேறு யாரோ, சூடான இன்ஜினைத் திறந்து வைத்திருந்தார்கள்.

சுபாங் ஜெயா திருப்பம் தாண்டியதும் பார்த்துவிட்டேன். மல்லிகைச் சரம் காற்றில் பறந்துகொண்டிருந்தது. நடு லேனில் போய்க்கொண்டிருந்தார். நான் இடது லேனில் ஏறி, அவருக்குச் சமமாக வந்து, முன்சக்கரத்தைப் பார்த்தேன்.

ரிம்மின் சிவப்புக் கோடு ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். பின்சக்கரத்தில் அப்படித்தான் தெரிந்தது. முன்சக்கரத்தில் அந்தக் கோடு உள்ளேயும் வெளியேயும் ஆடிக்கொண்டிருந்தது, விளிம்பு நெளிந்த தட்டைச் சுழற்றிவிட்டது போல.

ஹார்னை அழுத்தினேன். விளக்கை எல்லாம் சிமிட்டினேன். கையைக் கையை ஆட்டினேன்.

நம் ஆட்களின் கல்யாண ஊர்வலத்தில், கார்கள் வரிசையாகப் போகும்போது என்ன செய்வோம்? ஹார்ன் அடிப்போம், விளக்கைச் சிமிட்டுவோம், கை ஆட்டுவோம். அக்கா ஜன்னலை இறக்கி, வளையல் நிறைந்த கையை வெளியே நீட்டி என்னைப் பார்த்து ஆட்டினாள். சிரித்தாள். அத்தானும் தாளம் போட்டு ஹார்ன் அடித்தார். என்னோடு போட்டி போடுகிற மாதிரி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். சிவப்புக் கோடு இன்னும் வேகமாக ஆடியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி போன் போட்டேன். இந்த முறை காரின் ஸ்பீக்கரில் எடுத்தார்கள், உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது.

"என்ன மச்சான், ரேஸா?" என்றார் அத்தான்.

"அத்தான், இடது பக்க முன்சக்கரம் கழலுது. அது ஸ்பேசர் இல்ல. வாஷர். நான்தான் வச்சுப் பூட்டுனேன். ஜப்பான்னு சொன்னது பொய். நட்டு நாலு சுத்துதான் புடிச்சிருக்கு. நிறுத்துங்க அத்தான், தயவு செஞ்சு நிறுத்துங்க."

பாட்டு நின்றது.

"வழியில நிக்கக் கூடாதுன்னு..." என்று இராஜம்மா அத்தையின் குரல் ஆரம்பித்தது.

"நிறுத்துங்க," என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

"பிரேக்க ஒரேயடியா மிதிக்காதீங்க," என்று நான் கத்தினேன். "கால எடுத்துடுங்க, அதுவா கொறையட்டும். நான் பின்னால மறிச்சுக்கிறேன்."

அத்தானின் கார் ஆடியபடி இடது பக்கம் வந்தது. நான் அவருக்குப் பின்னால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே வந்தேன். எனக்குப் பின்னால் ஒரு லோரி நீளமாக ஹார்ன் அடித்தது. பத்து தீகா என்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எமர்ஜென்சி லேனில், கார் நின்றது.

நான் ஓடுவதற்குள் அத்தான் இறங்கி, பட்டு வேட்டியோடு சக்கரத்தின் முன் குந்தியிருந்தார். நான்கு போல்ட்டில் ஒன்று நட்டோடு ஒடிந்து விழுந்திருந்தது. அதன் வாஷர்களையும் காணோம். அத்தான் இரண்டாவது நட்டை விரலால் தொட்டார். அது சுற்றியது. மூன்றாவதும் விரலுக்குச் சுற்றியது. நான்காவதைப் பிடித்துத் திருகினார். அது மட்டும் அசையவில்லை. டயரின் பள்ளத்தில் நசுங்கிய எலுமிச்சையின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தான் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் விரலில் படிந்த கறுப்பைப் பார்த்தபடி குந்தியே இருந்தார். கணக்கு ஆசிரியர். நாலில் ஒன்று என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"பழம்தான் காப்பாத்தியிருக்கு," என்றார் இராஜம்மா அத்தை. மறுத்துப் பேச எனக்கு என்ன தகுதி?

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். இறங்காதே என்று அத்தை கையைப் பிடித்தார். அவள் விலக்கிவிட்டு வந்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். லோரிகள் எங்களை உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன.

"காலையிலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"பசின்னு சொன்னியே, அப்ப?"

"தெரியும்கா."

"கதவ நீதானேடா தொறந்து விட்ட?"

"ஆமா."

"முந்தானைய எடுத்து உள்ள போட்ட."

நான் தலையை ஆட்டினேன். அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் நன்றாக அடிப்பாள். இப்போது ஒன்றும் செய்யாமல் என் காரைக் காட்டி, "அதுல என்ன பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டாள்.

"ஒன்னும் பண்ணலக்கா. வாங்குன மாதிரியேதான் இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்குப் பிறகும் அவள் அத்தானை அனுப்பினாள். அவர் என் காரின் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஏறினாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க வேண்டியிருந்தது. மணி மூன்றரை ஆகியிருந்தது. அத்தான் என் சாவியை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது இராஜம்மா அத்தை ஜன்னலை இறக்கி ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வெயில்ல நிக்காதீங்க தம்பி," என்றார். அரை இன்ஜினியர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லவில்லை.

நான் இழுவை லோரிக்குச் சொல்லிவிட்டு, ரோட்டோரத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றேன். இரண்டு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. ஜாக்கியை எடுத்து வந்து சக்கரத்தைக் கழற்றினேன். ஒன்பது வாஷர் மிச்சம். மூன்று எங்கோ ஹைவேயில் கிடக்கின்றன. அத்தான் திருகிப் பார்த்த அந்த நான்காவது போல்ட்டின் மரையில் விரலை வைத்தேன். நுனியில் இருந்த நாலு மரையும் மழுங்கி, வழவழவென்று இருந்தது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நாலே காலுக்குப் போன் வந்தது. அக்கா.

"வந்து சேர்ந்துட்டோம்."

"ஆரத்தி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. அம்மா உன்னக் கேட்டாங்க. டயர் பஞ்சர், நீ கார்கிட்ட நிக்கறன்னு அவரு சொல்லிட்டாரு. அத்தையும் ஆமான்னுட்டாங்க. நானும் சும்மா இருந்துட்டேன்." போனைக் கை மாற்றினாள், வளையல் சத்தம் கேட்டது. "உன்னால மூணு பேரு பொய் சொல்லியிருக்கோம்டா."

"சாரிக்கா."

"சாரியெல்லாம் வேணாம். வயித்துல இருக்கறதுக்கு மாமன் நீதான், வேற யாரும் கெடையாது. அடுத்த தடவ, கதவத் தொறக்கறதுக்கு முன்னால சொல்லிரு."

வைத்துவிட்டாள்.

இழுவை லோரி என்னையும் மைவியையும் பண்டமாரானில் இறக்கிவிட்டபோது ஆறு மணியாகியிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வாசற்படியில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாகக் காய்ந்திருந்தது. உள்ளே அக்காவின் குரல் கேட்டது. இராஜம்மா அத்தை ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னடா இவ்ளோ நேரம்? பஞ்சர் ஒட்டியாச்சா?" என்று கேட்டார் அம்மா.

"பஞ்சர் இல்லம்மா," என்றேன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. சட்டைப் பையிலிருந்து ஒன்பது வாஷரையும் எடுத்து அவர் கையில் வைத்தேன்.